தோஹாவில் மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை

இந்தியக் கால்பந்து அணி பெரிய போட்டி ஒன்றில் ஆடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் நமக்கு இருப்பது ஆசியக் கோப்பை மட்டும்தான். உலகக் கோப்பையில் நாம் எப்போதும் வேறு யாருக்காவதுதான் கைதட்டுகிறோம். ஆசியக் கோப்பையும் அடிக்கடி வாய்க்காது. 2015-இல் இந்தியா தகுதி பெறவில்லை. 2019-இல் அமீரகத்தில் ஆடியபோது எனக்கு விடுப்பு அமையவில்லை. தாய்லாந்தை 4-1 என்று அடித்த ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அடுத்த கோப்பை சீனாவில் என்றிருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி 2022 மே மாதம் சீனா விலக, கொஞ்ச நாளில் போட்டி கத்தாருக்குப் போனது. சென்னையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். இதையும் விட்டால் பிறகு புலம்பிப் பயனில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

2023 மே மாதம் குலுக்கல். நம் பிரிவில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. போட்டி தொடங்கும் நேரத்தில் ஃபிஃபா தரவரிசையில் அவை 25, 68, 91; நாம் 102. ஜெயிப்பதைப் பார்க்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு டிரா வந்தால் போதும், ஒரு கோல் விழுந்தால் கத்தலாம், அவ்வளவுதான் கணக்கு.

ஆட்டங்கள் 2024 ஜனவரி 13, 18, 23 தேதிகளில். நடுவில் 15-ஆம் தேதி பொங்கல். "பொங்கலுக்குக்கூட இல்லாம அப்படி என்னடா மேட்ச்?" என்று அம்மா கேட்டார். அதற்கு நியாயமான பதில் கிடையாது. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நாள் இடைவெளி இருப்பதுதான் இந்த மாதிரிப் பயணத்தில் பெரிய சிக்கல் என்பது அப்போதே தெரிந்தது. டிக்கெட், விசா எல்லாம் சுலபம். ஆட்டம் இல்லாத நாட்களுக்கும் ஹோட்டல் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், அலுவலகத்தில் விடுப்பு கரைந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு ஆட்டத்துக்காக வந்து திரும்பிய நண்பர்கள் இருந்தார்கள். என்னைக் கேட்டால், அவ்வளவு தூரம் போய் ஒன்றோடு திரும்புவது தேர் பார்க்கப் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வருவது போல.

விசா விஷயத்துக்கு வருகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கத்தாரில் இறங்கியதும் கட்டணமில்லாமல் விசா தந்தார்கள். ஆனால் சில நிபந்தனைகள்: கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், 'டிஸ்கவர் கத்தார்' என்ற தளத்தின் வழியாக ஹோட்டல் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் பலருடைய திட்டம் கவிழ்ந்தது. "தோஹாவுல மச்சான் இருக்கான், அவன் ரூம்ல தங்கிக்கலாம்" என்று கிளம்ப முடியாது. வேறு தளங்களில் மலிவாகக் கிடைக்கும் அறையும் உதவாது. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் இடத்திலேயே ஹோட்டல் ரசீதைக் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பையன்கள் அதைத் தேடி மின்னஞ்சலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஹய்யா என்ற கத்தார் விசா தளத்தில் முன்கூட்டியே மின்விசா எடுக்கும் வழியும் இருந்தது. எந்த வழியில் போனாலும் 50 ரியால் மருத்துவக் காப்பீடு தனி. இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. நான் எழுதியிருப்பதை நம்பி அடுத்த வாரமே கிளம்பிவிடாதீர்கள்.

ஆட்ட டிக்கெட் விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 25 ரியாலில் தொடங்கியது, அன்றைய மதிப்பில் 570 ரூபாய் மாதிரி. சென்னையில் ஐபிஎல் பார்க்கக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டு நானே சிரித்துக்கொண்டேன். டிக்கெட் வருமானத்தைப் பாலஸ்தீன நிவாரணத்துக்குக் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். டிக்கெட் கைப்பேசியில்தான் வரும், அதனால் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பெரிய பை வேண்டாம், தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். ஜனவரி மாலையில் தோஹாவில் குளிர்காற்று அடிக்கும். வளைகுடா என்றால் வெயில் என்று நினைத்து வெறும் ஜெர்சியோடு போனவர்கள் இரண்டாவது பாதியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களும் அல் ரய்யானில் உள்ள அகமது பின் அலி ஸ்டேடியத்தில். மெட்ரோவில் பச்சைத் தடத்தின் கடைசி நிலையமான அல் ரிஃபாவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஒரு முறை போக 2 ரியால். மூன்று தடங்களும் சந்திக்கும் முஷைரிப் நிலையத்தில் மாறினேன். அங்கேயே பெட்டி முழுவதும் நீலச் சட்டை. பக்கத்தில் நின்ற, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் என் கைப்பேசிப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"தம்பி எந்த ஊரு?"

"சென்னைண்ணே."

"இங்க எந்தக் கம்பெனி?"

"இல்லண்ணே, மேட்ச் பாக்க வந்தேன்."

"அங்கேர்ந்தா?" என்று என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஜெயிப்போமா?"

"கஷ்டம்ணே."

"அப்புறம் எதுக்குப்பா ஃபிளைட் புடிச்சு வந்தே?"

ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மின்வேலை பார்க்கிறாராம். கூட வந்த மூன்று பேரில் ஒருவர் நேபாளி. "இவனுக்கு அவன் டீம் இல்ல, அதான் நம்ம பக்கம்" என்று அறிமுகப்படுத்தினார்.

உள்ளே போனதும் ஒன்று புரிந்தது. இது வெளிநாட்டு ஆட்டமே இல்லை. கத்தாரில் இந்தியர்கள் ஏறத்தாழ 8 லட்சம் பேர். அன்று வந்திருந்த 35,000-க்கும் மேற்பட்டவர்களில் ஆஸ்திரேலியர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கோலுக்குப் பின்னால் ப்ளூ பில்கிரிம்ஸ் ரசிகர் குழுவின் பாட்டு, மற்ற பக்கமெல்லாம் மலையாளம். ஐஎஸ்எல் கால்பந்து லீக் பார்த்துப் பழகிய கூட்டம் என்பதால் எப்போது எழ வேண்டும், எப்போது கை தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அணியில் கேரளத்துக்காரர்களான சஹலும் கே.பி. ராகுலும் இருந்ததால் அவர்களுக்குச் சொந்த ஊர்ப் பையன்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட அந்த அணியில் இல்லை. வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பந்து உருளும்போது இது உறுத்தத்தான் செய்தது.

அந்த ஆட்டத்துக்கு நடுவர் ஜப்பானின் யோஷிமி யமாஷிதா. ஆண்கள் ஆசியக் கோப்பையில் நடுவராக இருந்த முதல் பெண். முதல் பாதியில் நம் கேப்டன் சுனில் சேத்ரி தலையால் முட்டிய பந்து வெளியே போனபோது என் வரிசை முழுக்க எழுந்து, அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. இடைவேளையில் 0-0. கழிவறை வரிசையில்கூட எல்லோர் முகத்திலும் சிரிப்பு. 50-ஆவது நிமிடம் நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தட்டிவிட்ட பந்து நேராக ஆஸ்திரேலியாவின் ஜாக்சன் இர்வின் காலுக்குப் போனது, கோல். 73-இல் ஜோர்டன் போஸ், மாற்று வீரராக வந்த சூட்டோடு இரண்டாவது. 0-2. தோற்ற கூட்டம் மாதிரியே தெரியவில்லை. ஆஸ்திரேலியாவை ஒரு பாதி முழுக்கத் தடுத்து நிறுத்தியதைப் பேசிக்கொண்டே மெட்ரோ வரை நடந்தார்கள்.

பொங்கலன்று நஜ்மா பகுதியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாப்பிட்டேன். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

உஸ்பெகிஸ்தான் ஆட்டத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வியாழன் மாலை, 38,000 பேர், நான்காவது நிமிடமே ஃபைசுல்லாயேவ் கோல். இடைவேளைக்குள் 0-3, அதுவே கடைசி வரை. ஆஸ்திரேலியாவிடம் தோற்றது எதிர்பார்த்தது, இது வலித்தது. அவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே அல்ல, ஒரு மாடி மேலே ஆடினார்கள். உஸ்பெகிஸ்தான் இளையோர் அணி 2023-இல் 20 வயதுக்கு உட்பட்டோர் ஆசியக் கோப்பையை வென்றிருந்தது. அதன் பலன் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இடைப்பட்ட நாட்களுக்கு நான் சொல்லும் யோசனை: சுற்றுலா பார்க்காதீர்கள், மற்ற ஆட்டங்களுக்குப் போங்கள். 19-ஆம் தேதி எஜுகேஷன் சிட்டியில் ஜப்பானை ஈராக் 2-1 என்று வீழ்த்தியதை நேரில் பார்த்தேன். அய்மன் ஹுசைன் இரண்டு கோல், இரண்டும் முதல் பாதியில். கடைசி நேரத்தில் ஜப்பான் ஒன்று போட்டதும் அந்த ஈராக்கியர்கள் போட்ட சத்தமும் பட்ட பதற்றமும், விசில் ஊதியதும் முன்பின் தெரியாத என்னை இழுத்துக் கட்டிப்பிடித்ததும், இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அடுத்தவன் வெற்றிதான், இருந்தாலும்.

மூன்றாவது ஆட்டம் அல் பைத்தில். 2022 உலகக் கோப்பை தொடங்கிய, பெரிய கூடாரம் போன்ற அந்த ஸ்டேடியம் தோஹாவுக்கு வடக்கே அல் கோரில் இருக்கிறது. மெட்ரோ அங்கே போகாது; சிவப்புத் தடத்தில் லுசைல் வரை போய் பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டம் மதியம் இரண்டரைக்கு, அதுவும் செவ்வாய்க்கிழமை. கூட்டம் குறையும் என்று நினைத்தேன். பத்தரைக்கே லுசைலில் வரிசை. 42,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வேலை நாளில் இத்தனை பேர் எப்படி என்று பக்கத்து இருக்கை மலப்புரத்துக்காரரிடம் கேட்டேன். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக வந்திருக்கிறார். ஆட்டம் முடிந்து போய்க் குளித்துவிட்டு மறுபடி ஷிப்ட். விமானம் ஏறி வந்ததைப் பற்றி அதுவரை கொஞ்சம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கணக்குப்படி வாய்ப்பு அப்போதும் உயிரோடு இருந்தது. ஆறு பிரிவுகளில் மூன்றாம் இடம் பிடிப்பவர்களில் சிறந்த நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். சிரியாவை ஜெயித்தால் மூன்று புள்ளி, மற்ற முடிவுகளுக்கு 25-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டும். நான் 24-ஆம் தேதிக்கு, தேதி மாற்றிக்கொள்ளும் வசதியோடு கொஞ்சம் கூடுதல் விலைக்குத் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தேன். அந்தக் கூடுதல் பணம்தான் இந்திய அணி மேல் எனக்கிருந்த நம்பிக்கையின் அளவு.

75 நிமிடம் வரை தாங்கியது. 76-இல் ஒமர் கிர்பின். 0-1. சிரியா முதன்முறையாக நாக் அவுட் சுற்றுக்குப் போனது. எதிர்ப்பக்கத்தில் வளர்ந்த ஆண்கள் அழுததைப் பார்த்தபோது கோபப்பட முடியவில்லை. நமக்கு மூன்று ஆட்டம், பூஜ்ஜியம் புள்ளி, பூஜ்ஜியம் கோல். 1984-இல் சிங்கப்பூரிலும் நாம் கோல் போடவில்லை, ஆனால் அப்போது ஈரானோடு ஒரு டிராவாவது இருந்தது. இதே தோஹாவில் 2011-இல் மூன்று ஆட்டங்களில் 13 கோல் வாங்கினோம் என்றாலும் மூன்று கோல் போட்டோம், அதில் இரண்டு சேத்ரியுடையவை. இந்த முறை 39 வயதில் அவர்தான் மறுபடி முன்களத்தில். பிரச்சினை என்னவென்று தெரிந்துகொள்ள இதற்கு மேல் புள்ளிவிவரம் தேவையில்லை.

விமான டிக்கெட்டும் ஹோட்டலும்தான் மொத்தச் செலவில் முக்கால்வாசி. ஆட்டங்கள், மெட்ரோ, சாப்பாடு, தெருவுக்குத் தெரு கிடைக்கும் கரக் சாய் எல்லாம் சேர்ந்து மிச்சம். இந்தியா ஆடும் போட்டி வளைகுடாவில் நடந்தால் யோசிக்காமல் போகலாம் என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

2027 ஆசியக் கோப்பை சவுதியில். ரியாத்தில் இருக்கும் நண்பன் 2024-லிலேயே, "இந்தத் தடவை என் ரூம்லதான் நீ" என்று சொல்லி வைத்திருந்தான். 2025 அக்டோபரில் கோவாவின் மட்காவில் நடந்த தகுதிச் சுற்று ஆட்டத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று இந்தியா வெளியேறியது. அன்று இரவே அவனிடமிருந்து அழைப்பு: "ஈராக் வருதுடா. வர்றியா?" இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.