வீக்கம் வரும்வரை காத்திருப்பதில்லை
என் மகனுக்குக் கடுமையான ஹீமோபிலியா ஏ. இரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி என்ற புரதம் அவன் உடலில் இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. சிறு கீறலைக் கண்டு பதறும் உறவினர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் மூட்டுக்குள் கசியும் இரத்தமே எங்கள் கவலை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முழங்கால் வீங்குவதற்கு முன்பே “உள்ளே குறுகுறுக்கிறது அப்பா” என்பான். அந்தச் சொல்லை நம்பி உடனே மருந்து ஏற்றிவிடுகிறோம்.

செலுத்திய காரணி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், கசிவு வராமல் தடுக்கவே வாரத்துக்கு மூன்று முறை நரம்பு தேட வேண்டியிருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குப்பியின் குளிர் விட்டபின், மருந்துப் பொடியில் நீர் சேர்த்து, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைப்பது என் வேலை. ஊசி போடுவது அவன் அம்மா, ஏனெனில் என் கை நடுங்கும். காய்ச்சலென்றால் பாராசிட்டமால் மட்டுமே. இரத்தக்கசிவைக் கூட்டும் ஆஸ்பிரினை வீட்டில் வைப்பதே இல்லை.