பதிவேட்டில் ஒரு வரி

ஆண் வேடத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த கறுப்பினப் பெண் ஒருவரைப் பற்றிய நாடகத்துக்கு, லண்டனில் சில காலம் ஸ்டேஜ் மேனேஜராக வேலை பார்த்தேன். ஒரே நடிகை, ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் கயிறு. அவ்வளவுதான் செட்.

கதை நடப்பது 1815-இல், குயின் சார்லட் என்ற 104 பீரங்கிப் போர்க்கப்பலில். அப்போது வெளியான செய்தி ஒன்று, அந்தப் பெண் கணவனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர், 11 ஆண்டு வேலை பார்த்தவர், முன்பாய்மரத்தின் மேலே ஏறி வேலை செய்யும் குழுவுக்கே தலைவர் என்றெல்லாம் சொல்கிறது. கூட்டாளிகளோடு சேர்ந்து ரம்மும் குடிப்பாராம். கப்பலின் ஆள் பதிவேட்டைப் பார்த்தால் கதையே வேறு. பெயர் வில்லியம் பிரவுன், வயது 21, ஊர் கரீபியன் தீவான கிரெனடா. சேர்ந்தது மே 23. ஜூன் 19 அன்று, பெண் என்பதால் பணிநீக்கம். நாலு வாரம்கூட இல்லை. சொந்தப் பெயர் அதில் இல்லை.

நாடகத்தின் முதல் வடிவம் 11 ஆண்டுக் கதையைத்தான் பிடித்துக்கொண்டது. புயல், மின்னல், கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலைமுடியை அவிழ்த்துவிடும் காட்சி. கைத்தட்டல் நிச்சயம், ஆனால் எனக்கு அந்தக் காட்சி பிடித்ததே இல்லை. முடியை அவிழ்த்தால்தான் பெண்ணா?

அப்புறம் நடிகையே பதிவேட்டை வைத்து மாற்றி எழுதினார். அக்கால மாலுமிக்குத் தொங்கு படுக்கை கட்டக் கிடைத்த இடம் 14 அங்குல அகலம். ஒவ்வொரு மாலையும் தரையில் அந்த அளவுக்கு டேப் ஒட்டுவது என் வேலை. அந்தக் கோடுகளுக்கு நடுவே அவர் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு பக்கமும் ஆள் இருப்பதுபோல் மூச்சை அடக்குவார். வேடம் போடுவது என்றால் என்னவென்று அங்கேதான் புரியும். உடை அதில் கால்வாசிகூட இல்லை. கடைசிக் காட்சியில் அதே சட்டையோடு பெட்டியில் உட்கார்ந்து கப்பல் எழுத்தராகிவிடுவார். தோள் கொஞ்சம் குறுகும், வலது கை மட்டும் நகரும். தன்னைப் பற்றிய அந்த வரியைத் தானே எழுதுவார். வசனம் கிடையாது என்பதால், அவர் தோளைப் பார்த்துத்தான் விளக்கை மாற்றச் சொல்லும் சைகையை (க்யூ) நான் கொடுக்க வேண்டும்.

சிலருக்கு ஏமாற்றம்தான். புயல் எங்கே போச்சு என்று பழைய வடிவத்தைப் பார்த்த ஒருவர் என்னிடமே கேட்டார். 11 ஆண்டு சமாளித்தவர் என்றால் நாம் வியந்துவிட்டுப் போய்விடுவோம். நாலு வாரத்தில் இறக்கிவிடப்பட்ட 21 வயதுப் பெண் என்றால், சரி, அடுத்து அவர் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றுகிறது. நாடகம் அதற்குப் பதில் சொல்வதில்லை.