எண்ணச் சொன்னவள்

முதல் பதில்: "நீ எண்ணுனதாலதான்த்தா உன் மக இருக்கா."

இரண்டாவது பதில்: "நீ எண்ணாததால எதுவும் ஆகலைத்தா."

இரண்டையும் சொன்னது நான்தான், இந்த ஊர் நர்ஸ். எண்ணுவது என்றால் வயிற்றுப்பிள்ளையின் அசைவை எண்ணுவது. ஒரே ஊரில், சில மாத இடைவெளியில், வேறு வேறு வீட்டில் சொன்னேன். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "ரெண்டும் எப்படிக்கா உண்மையா இருக்கும்?" என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

முதல் பெண்ணின் குடும்பம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாட்களில் மாமியாரிடம் சாவி. புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவளுக்கு அது முதல் பிள்ளை. ஸ்கேனில் நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, முன்பக்கம் என்று வந்திருந்தது. முதல் பிரசவத்தில் பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள் அசைவு தெரிய ஆரம்பிக்கும், அடுத்த பிரசவங்களில் 16 வாரத்திலேயே சிலருக்குத் தெரிந்துவிடும். நஞ்சு முன்னால் இருந்தால் நடுவில் மெத்தை போட்ட மாதிரி, ஆரம்பத்து உதைகள் எட்டாது. அவளுக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

28 வாரத்தில் எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். மூன்று வேளையும் சாப்பிட்டதும் இடப்பக்கமாகச் சாய்ந்து படு, ஒரு மணி நேரம் அசைவை எண்ணு, ஒரு வேளைக்கு மூன்று அசைவாவது வர வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்தில் பத்துக்குக் குறைந்தால் எனக்கு ஃபோன் போடு. நாங்கள் படித்த காலத்திலிருந்து சொல்லிவருகிற பாடம் இது.

அவள் அந்த வீட்டிலிருந்த பழைய பல்லாங்குழியை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் வளவில் ஆத்தங்குடிக் கல்லில் பாயை விரித்துப் படுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு புளியங்கொட்டையைக் குழியில் போடுவாள். பகலில் அந்த வீட்டில் சத்தமே இருக்காது. "சீதைப் பாண்டி ஆடுறா நர்சம்மா, தனியாக் கெடந்து" என்று மாமியார் சொல்லிச் சிரித்தார். அவர் ஐந்தாறு பெற்றவர், எல்லாம் வீட்டிலேயே. "மாசம் ஏற ஏற உள்ள இடம் பத்தாது, அசைவு கொறையத்தான் செய்யும்" என்பது அவருடைய தீர்மானம். அது அப்படியில்லை. கடைசி மாதங்களில் உதை என்பது புரளலாக, நெளியலாக மாறும். ஆனால் குறையாது, பிரசவ நாள் வரைக்கும் இருக்கும். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நான் அதிகம் மறுத்துப் பேசியது இந்த ஒரு நம்பிக்கையைத்தான். அவரிடமும் மறுத்தேன். சரி சரி என்றார். ஒத்துக்கொண்ட சரி இல்லை அது.

35 வாரத்தில் ஒருமுறை குறைவாக இருக்கிறது என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வயிற்றில் பட்டை கட்டி பிள்ளையின் இதயத் துடிப்பை ஓடவிட்டுப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. "இதுக்கெல்லாம் அனுப்பாதீங்கம்மா, இங்க நிக்க இடமில்ல" என்று ஒரு டாக்டர் ஃபோனில் அலுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று அந்த வார்டு இருந்த நிலை எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டு நேரத்தோடு நிறுத்தவில்லை. நாள் முழுக்க எண்ணினாள். இரவில் விழித்து எண்ணினாள். வயிற்றுப்பிள்ளை ஒரு தூக்கத்துக்கு இருபது முதல் நாற்பது நிமிடம் தூங்கும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது என்று சொல்லித் தேற்றினேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு நாற்பத்தோராவது நிமிடத்திலிருந்து பயந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கதான் இதைக் கெளப்பிவிட்டீக" என்றார். அவருக்கு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

37 வாரம் முடிந்த சமயம், இரவு ஃபோன் வந்தது. "நர்சம்மா, குழியில பத்து விழல." காலையில் பார்க்கலாம், சோடா குடி என்றெல்லாம் நான் சொல்வதில்லை. 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். அன்றைக்குத் துடிப்பு வரைபடம் சரியாக இல்லை, திரும்ப எடுத்ததும் சரியாக இல்லை. ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மூச்சு கொஞ்சம் சிரமப்பட்டதால் பச்சிளம் குழந்தைகள் வார்டில் சில நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். வீட்டில் பெரிய கவலை வேறொன்றாக இருந்தது. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதாம், அவரை எண்ணெயில் முகம் பார்க்க வைத்த பிறகுதான் குழந்தையைக் காட்டினார்கள். பல்லாங்குழியை யாரும் பேசவில்லை.

பிறகு வீட்டுக்குப் பார்க்கப் போனபோதுதான் அவள் கேட்டாள். "அன்னைக்கு நான் எண்ணாமத் தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும் நர்சம்மா?"

அப்போது சொன்னதுதான் அந்த முதல் பதில்.

அது எனக்கு எப்படித் தெரியும்? கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளைகள் ஏராளம், பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மறுநாள் காலையில் போயிருந்தாலும் அதே பிள்ளை அதே எடையில் கிடைத்திருக்கலாம். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் ஆபரேஷன் இல்லாமலே பிறந்து, மூச்சுச் சிரமமும் இல்லாமல் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவள் தையல் வலியோடு, வாரக்கணக்கில் தூங்காமல், வீட்டில் எல்லோரிடமும் பைத்தியம் என்று பேர் வாங்கியவள். அவளிடம் "சொல்ல முடியாதுத்தா" என்பதா பதில்? என்னால் முடியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆராய்ச்சிகள் வேறு சொல்கின்றன. ஒரு பயிற்சியில் கேட்டு, பிறகு நானே தேடிப் படித்தேன். 1989இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில் 68,000 பெண்கள் இருந்தார்கள். எல்லோரையும் தினமும் முறையாக எண்ண வைத்ததால் வயிற்றிலேயே இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை. 2018இல் பிரிட்டன், அயர்லாந்து ஆஸ்பத்திரிகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து இன்னொன்று செய்தார்கள். அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வந்தவர்களை ஒரே முறையில் பார்த்தார்கள். அதிலும் இறப்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. வலி வரவைப்பதும் ஆபரேஷனும் கூடின, குழந்தையைத் தனி வார்டில் இரண்டு நாளுக்கு மேல் வைப்பதும் கூடியது. படித்தபோது என் பல்லாங்குழிப் பெண்ணைத்தான் நினைத்தேன். இந்தப் பட்டியலில் வலி வரவைப்பதைத் தவிர மற்றவை எல்லாம் அவளுக்கு நடந்தவை.

இதை வைத்து அசைவு முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நஞ்சு சரியாக வேலை செய்யாதபோது பிள்ளை தன் தெம்பை மிச்சப்படுத்த அசைவைக் குறைக்கும். அது உண்மை. எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாது, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் வழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அது மாறினால் அன்றைக்கே வர வேண்டும் என்பதுதான் இப்போதைய அறிவுரை. கேட்க எளிது. முதல் பிள்ளைக்காரிக்கு வழக்கம் என்றால் என்னவென்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இரண்டாவது பெண் பலகாரம் போடும் இடத்தில் வேலை பார்க்கிறாள். முறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம், எல்லாம் கல்யாண ஆர்டர். ஆவணி பிறந்துவிட்டால் விடியற்காலையிலேயே அடுப்பு. அவளுக்கும் அதே பாடத்தைச் சொன்னேன். அட்டையிலும் குறித்திருக்கிறேன். "எண்ணுறேன் நர்சம்மா" என்றாள். நின்றுகொண்டு வேலை செய்யும்போது பாதி அசைவு தெரியாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் சாய்ந்து படுக்க அவளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? கூலி நாள் கணக்கு. இதெல்லாம் சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன், ஏனென்றால் எனக்குச் சொல்ல வேறு ஒன்று இல்லை.

எட்டாம் மாதத்தில் அவள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ரத்தக்கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். பல இறப்புகளில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவளே பேச ஆரம்பித்தாள். "ரெண்டு நாளா மந்தமாத்தான் இருந்துச்சு. மாசம் ஏறிருச்சு, எடம் பத்தலைன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பெரிய வீட்டுல இருக்க பொண்ணு எண்ணித்தானே காப்பாத்துனாளாம். நீங்க சொன்னீகளாமே. நான் எண்ணலைங்கறதாலதானா நர்சம்மா?"

நான் அங்கே சொன்ன சொல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் அது சுற்றும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லப்போனால் சுற்றட்டும் என்றுதான் விட்டேன். நான் போடும் கூட்டத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. அசைவு குறைவு என்று ஃபோன் செய்கிறவர்கள் அதற்குப் பிறகு கூடினார்கள். நல்லதுதானே என்று நினைத்தேன், நல்லதுதான்.

"இல்லைத்தா. நீ எண்ணாததால எதுவும் ஆகலைத்தா" என்றேன். அது உண்மையா? அந்த இரண்டு நாளில் வந்திருந்தால் பிழைத்திருக்கலாம். வந்திருந்தாலும் வரைபடம் நன்றாக இருந்து திருப்பி அனுப்பியிருக்கலாம். முதல் பெண்ணுக்கே ஒருமுறை அப்படி நடந்ததுதானே. ஒருத்தியின் அதிர்ஷ்டத்துக்குக் காரணம் அவள்தான் என்றால், இன்னொருத்தியின் இழப்புக்கும் காரணம் அவள்தான் என்றாகிவிடும். அதை நான் முதல் வீட்டில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு மாதிரி பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

புதிதாக வந்தவளுக்கு நான் சொன்ன சமாதானம் இது: இரண்டு பேரும் கேட்டது மருத்துவக் கேள்வி இல்லை. ஒருத்தி தன்னைப் பைத்தியம் என்றவர்களுக்கு ஒரு பதில் கேட்டாள். இன்னொருத்தி தன்னைத் தானே குற்றம் சொல்லலாமா என்று கேட்டாள். இரண்டுக்கும் சரியான பதிலைத்தான் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். எனக்குத்தான் அது முழுசாக ஒப்பவில்லை. சொல்லும்போது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பலகாரக்காரப் பெண் என் பதிலை நம்பினாளா, நம்பியது மாதிரி இருந்தாளா என்பதும் தெரியாது. இப்போதும் வழியில் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

கர்ப்பிணிகள் கூட்டத்தில் என் பேச்சை மாற்றிப் பார்த்தேன். எண்ணிக்கை பெரிதில்லை, உன் பிள்ளை எந்த நேரத்தில் எப்படி அசையும் என்று கவனி, அதில் மாற்றம் தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளாதே, திருப்பி அனுப்பினாலும் மறுபடி போ, வெட்கப்படாதே என்றேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், முதல் பிள்ளைக்காரி, "அதெல்லாம் சரி நர்சம்மா, எத்தனைன்னு சொல்லுங்க" என்றாள்.

பத்து என்றேன். அட்டையின் பின்பக்கம் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். பத்து வந்தாலும் மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் கூப்பிடு, மாமியாரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே என்றும் சொன்னேன். மாமியாரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.