முதலில் துலக்கிப் பார்

"அண்ணா, ஸ்பிரிங்கை மாற்றப் போகிறேன்."

கனடாவிலிருந்து தம்பி. திரையில், உரிமம் பெற்று இலக்குப் பயிற்சிக்கு வைத்திருக்கும் .22 ரைபிள். சுட்ட பின் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்காமல், அது வெளியேறும் பக்கவாயிலேயே சிக்கி நிற்கிறது.

தோட்டாப் பெட்டியைக் கழற்று, ரைபிளுக்குள் தோட்டா நிற்கும் அறை வெறுமையா என்று கண்ணால் பார் என்றேன்.

பிறகு அந்தக் கொக்கியைக் காட்டினான். வெற்றுத் தோட்டாவின் விளிம்பைப் பற்றி இழுக்கும் சின்ன நகம். அதன் அடியில் மெழுகும் கரியும் இறுகிப் போயிருந்தன. இந்த .22 போல விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாக்களின் குண்டுகளில் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருக்கும். அழுக்குச் சேராமல் என்ன செய்யும்?

திருகோணமலையில் படகு இயந்திரங்கள் பழுதுபார்க்கும் எனக்கு இந்த அவசரம் பிடிப்பதே இல்லை. துலக்கும் முன்பே உதிரிப்பாகம் வாங்க ஓடுகிறார்கள்.

துலக்கியும் சிக்கினால், வேகம் கூடிய தோட்டாவால் சுட்டுப் பார்க்கட்டும். ஸ்பிரிங் அதற்குப் பிறகு.