இரவு லோடு

அக்டோபர் 21, 2024

இரவு லோடு ஓட்டிப் போய் விபத்தில் அடிபட்ட தம்பியின் தோள்பட்டைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறதாம். தம்பி வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "எப்போது வண்டி எடுக்கலாம்?" இரண்டு வாரம் போகட்டும் என்றார் மருத்துவர். அவன் முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அக்டோபர் 22

நாள் முழுவதும் மழை. நீலகிரியில் எங்கள் கேத்தி பாலாடாவில் கேரட் எடுக்க யாரும் இறங்கவில்லை.

அக்டோபர் 24

விபத்து நடந்த அந்த இரவைப் பற்றி இன்றுதான் தம்பி முழுதாகப் பேசினான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைச்சாலையில், பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது தடுப்புச் சுவரில் தகரம் உரசும் சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை. "கண்ணை மூடியதே தெரியாது அக்கா" என்கிறான். குன்னூர் வரை குளிரில் விழிப்பாகத்தான் இருந்தானாம். கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறவும் உடம்பு தளர்ந்துவிட்டதாம்.

விபத்துக்குக் காரணம் மூடுபனி என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்று பனியே இல்லை.

மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மூன்று நொடி கண் செருகினால் 25 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவு அதற்குள் வந்து போய்விடும். 2023 செப்டம்பர் 30 அன்று மரப்பாலம் அருகே சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தது இதே சாலையில்தான். அந்த இடத்தைத் தாண்டித்தான் இவன் இரவெல்லாம் இறங்குகிறான்.

அக்டோபர் 25

காலை 6 மணிக்கு எழுந்தவன். பகலில் தோட்டத்தில் மூட்டை ஏற்றினான். சாயங்காலம் கேரட் கழுவும் இடத்தில் மிஷின் பக்கத்தில் நின்றான். நள்ளிரவு தாண்டி லோடோடு கிளம்பினான். சுவரில் உரசியது அதிகாலை 3 மணிக்கு. 21 மணி நேரம் விழித்திருந்த கண்கள் அவை.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு நாள் முழுக்கத் தூங்காவிட்டால் 0.10. நம் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. என் தம்பி ஒரு சொட்டுக் குடிப்பதில்லை. ஆனால் அவனை அந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, "நல்ல உழைப்பாளி" என்று முதுகில் தட்டுகிறார்கள்.

அக்டோபர் 27

ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். வெற்றிலை போடு, கண்ணாடியை இறக்கிவிடு, பாட்டை உரக்க வை, முகத்தில் தண்ணீர் அடி. அம்மா மட்டும், "தூக்கம் வந்தால் தூங்க வேண்டியதுதானே" என்றாள். அம்மா சொல்வதுதான் சரி. காப்பி குடித்துவிட்டு உடனே வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் கண்ணயர வேண்டும். காப்பி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் பிடிக்கும். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். எழுந்ததும் சில நிமிடம் மந்தமாக இருக்கும், அது தெளிந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஆனால் லோடு வண்டியை எங்கே ஓரங்கட்டுவது? இறங்கும் வழியில் காட்டேரி என்ற ஊரை விட்டால் பர்லியார். நடுவில் நிறுத்தினால் பின்னால் வருபவன் வந்து இடிப்பான்.

அக்டோபர் 29

பட்டறைக்குப் போனேன். தம்பி வேண்டாம் என்றான், நானாகத்தான் போனேன். மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது, நாள்பட்ட டிகாஷன் போலக் கறுத்துக் கிடந்தது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டியது. லைனிங் ஓரங்களில் கருகி, விரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்தது.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்கிறார் முதலாளி. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று மலையில் வண்டி பழகும் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில். தம்பி இதுவரை நியூட்ரலில் விட்டதில்லை. அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறான்.

நவம்பர் 1

முதலாளியிடம் பேசினேன். அவர் கழுவும் இடத்தில் சிட்டை எழுதுகிறவள் நான், நிற்க வைத்தே பேசினார். விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறங்காவிட்டால் விலை போய்விடும் என்றார். அது பொய்யில்லை. விலை விழுந்தால் விவசாயிக்கும் அடி. ஆனால் நான் மண்டி நேரத்தை மாற்றச் சொல்லவில்லை. இரவு வண்டி எடுக்கிறவனைப் பகலில் மூட்டை தூக்க வைக்காதீர்கள், தூங்க விடுங்கள் என்றுதான் கேட்டேன். கிளீனரை நிறுத்தினீர்களே, அவனைத் திரும்ப அனுப்புங்கள் என்றேன். பக்கத்தில் ஒருவன் பேசிக்கொண்டு வந்தால் கண் செருகுவது அவனுக்காவது தெரிந்துவிடும்.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி ஓய்வு என்று இருப்பதையும் சொன்னேன். "அது ஐந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு அம்மா. என்னிடம் நான்கு பேர்தான்." மடியில் வைத்திருந்ததைப் போல எடுத்து நீட்டினார்.

நவம்பர் 2

தூக்கமில்லை.

நவம்பர் 3

சங்கத்துப் பெரியவர் சொன்னார்: 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 91. சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் 1961 சட்டத்தின் நேரக் கணக்கே என்கிறது. ஒரு தாளில் எழுதி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நவம்பர் 4

விடாத மழை. 2009 நவம்பரில் இப்படித்தான் ஆரம்பித்தது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணில் போனார்கள். கோத்தகிரி வழியாக இறங்கலாம் என்கிறார்கள் சிலர். இன்று நான் வரும் வழியில் ஏதோ ஒரு லாரி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை நடுரோட்டிலேயே விட்டுப் போயிருந்தது. இரண்டு கைகளாலும் உருட்டி ஓரத்தில் தள்ளினேன். எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் அவனுக்கு? பின்னால் பைக்கில் வருபவன் யார் வீட்டுப் பிள்ளையோ.

நவம்பர் 6

தம்பி கத்திவிட்டான். "என் பிழைப்பை நீ கெடுக்காதே அக்கா. வேறு ஆள் போட்டுவிடுவார்." நான் எதிர்த்துப் பேசவில்லை. வேறு ஆள் வருவான், அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள், அவனும் 21 மணி நேரம் விழித்திருந்து இறங்குவான். இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சாப்பிடாமல் எழுந்து போனான். திரும்பி வந்து சாப்பிட்டான்.

நவம்பர் 7

கிளீனர் வருகிறான்! பிரேக் ஆயிலும் மாற்றியாயிற்று. பகல் வேலை பற்றி, "பார்க்கலாம்" என்றார். தாளை நீட்டினேன். படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 8

இன்று இரவு லோடு. பகல் 12 மணிக்கே அவனைப் படுக்க வைத்தேன். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினேன், போனை எடுத்து வைத்துக்கொண்டேன், பக்கத்து வீட்டில் கிரைண்டரைப் பிறகு போடச் சொன்னேன். 3 மணிக்கு ஆள் வந்தது. மூட்டை ஏற்ற ஆள் போதவில்லை, தம்பியை வரச் சொல்கிறார் முதலாளி. தூங்குகிறான், 8 மணிக்கு வருவான் என்று சொல்லி அனுப்பினேன். அரை மணியில் மறுபடியும் வந்தது. அதையேதான் சொன்னேன். இப்போது முதலாளியே ஜீப்பில் வந்து இறங்குகிறார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகிறேன்.