மூட்டையும் முதலாளியும்

காலபோக அறுவடை முடிந்தால் கிளிநொச்சி ஆலைகளில் லொறி லொறியாக நெல் வந்து இறங்கும். மூட்டை ஒன்று 65, 70 கிலோ வரும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. அந்தச் செய்தி இன்னும் கிளிநொச்சிக்கு வந்து சேரவில்லைப் போல!

மூட்டை சுமப்பவர் நாரி (இடுப்பு) பிடித்து விழுந்தால் முதலாளி இரண்டாயிரத்தைக் கையில் வைத்து, "வீட்டை போய்ப் படு தம்பி" என்பார். சரி, நல்ல மனம்தான். ஆனால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலை செய்யும்போது, அந்த வேலையால் வந்த காயம் என்றால் போதும், நட்டஈடு கேட்கலாம். முதலாளியின் பிழை என்று நிரூபிக்கவே தேவையில்லை.

அண்ணைமாரே, ஆஸ்பத்திரித் துண்டை எறியாதீர்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று வைத்தியரிடம் சரியாகச் சொல்லி எழுதுவியுங்கள். "வீட்டில் விழுந்தது என்று சொல்லு" என்று பாடம் சொல்லிக்கொடுக்கும் முதலாளிமாரும் இருக்கிறார்கள்.