பாப்பா கையை உதறட்டும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். கையை உதறுவதை, முன்னும் பின்னும் ஆடுவதை, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவதை எப்படி நிறுத்துவது? எங்கள் பாப்பாவுக்கும் ஆட்டிசம்தான், இப்போது ஒன்பது வயது. நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தும் எண்ணமும் இல்லை. ஆனால் அதெல்லாம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள நானும் மனைவியும் நிறைய மெனக்கெட்டோம். அதைத்தான் எழுதுகிறேன்.

இதற்கு ஸ்டிம்மிங் என்று பெயர். உடம்புக்கு வேண்டிய ஓர் உணர்வை உடம்பே உண்டாக்கிக்கொள்வது, அவ்வளவுதான். எல்லோரிடமும் இது உண்டு. உட்கார்ந்தபடி காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பாட்டிகள் எத்தனை திட்டினாலும் கால் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதன் தேவை அதிகம், அதனால் வெளியிலும் அதிகம் தெரிகிறது. காது, கண், தோல் வழியாக வருவது சிலருக்குத் தாங்க முடியாத அளவுக்கு இருக்கும், சிலருக்கு உறைக்கவே உறைக்காது. எங்கள் பாப்பாவுக்கு இரண்டுமே உண்டு. குக்கர் விசில் அவளுக்குப் பெரிய தொல்லை, முட்டியில் ரத்தம் வர விழுந்தாலோ எழுந்து ஓடிவிடுவாள். மனநலப் பிரச்சினைகளை அடையாளம் காண மருத்துவர்கள் வைத்திருக்கும் டிஎஸ்எம் என்கிற அமெரிக்கக் கையேட்டின், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் இந்தப் புலனுணர்வு வித்தியாசத்தையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

முதலில் போன தெரபி மையத்தில் பாப்பா கையைத் தூக்கும்போதெல்லாம் "கை கீழே" என்பார்கள். மேஜைமேல் கையைப் பிடித்து வைப்பார்கள், அசையாமல் இருந்தால் ஒரு சிப்ஸ். கை அடங்கியது உண்மைதான், ஆனால் சட்டைக் காலரைக் கடிக்க ஆரம்பித்தாள், அப்புறம் மணிக்கட்டை. நாங்கள் அங்கே போவதை நிறுத்திக்கொண்டோம். 1960களில் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் என்கிற உளவியலாளர் அறைந்தும் மின்அதிர்ச்சி கொடுத்தும்கூட இப்படிப்பட்ட அசைவுகளை அடக்கப் பார்த்தார். இன்று பெரும்பாலும் அடி கிடையாது, ஆனால் வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்கிற எண்ணம் பல இடங்களில் அப்படியேதான் இருக்கிறது, எனக்கு அதில்தான் கோபம்.

அடுத்துப் பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்) அம்மா முதல் நாள் பாப்பாவைத் தொடவே இல்லை. எங்களிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். அசைவு வருவதற்கு முன்னால் என்ன நடந்தது, அசைவு எப்படி இருந்தது, முடிந்தபின் பாப்பா எப்படி இருந்தாள், இந்த மூன்றை மட்டும் எழுத வேண்டும், காரணத்தை நாமாக ஊகித்து எழுதக் கூடாது. கேட்க எளிதாக இருந்தாலும் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை, ஏனென்றால் "அடம் பிடித்தாள்" என்று எழுதத்தான் கை போகும்.

எழுத எழுதத்தான் கை உதறலில் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. தெருமுனையில் டவுன்பஸ் திரும்பும்போது கை தோள் உயரத்தில் இருக்கும், விரல்கள் விரிந்திருக்கும், குதிகால் தரையில் படாது, முகத்தில் சிரிப்பு. கல்யாண மண்டபத்தில் மேளம் ஆரம்பிக்கும்போது அதே கை இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், உதறல் வேகமாகும், கூடவே தொண்டையில் ம்ம்ம் என்று ஒரு முனகல். முதலாவது சந்தோஷம், அதில் நமக்கு வேலையே இல்லை. இரண்டாவது வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். இப்போதெல்லாம் கை இறங்கியதுமே நாங்கள் வெளியே கூட்டிப்போய்விடுகிறோம். அந்த உதறலை அடக்கியிருந்தால் எங்களுக்கு முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்காது. மிக்ஸி ஓடும்போது வரும் முனகலும் இப்படித்தான், தான் எழுப்பும் சத்தத்தால் வெளிச் சத்தத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று தெரபிஸ்ட் சொன்னார். காதை மூடும் இயர்மஃப் வாங்கிக் கொடுத்தோம், முனகல் பாதியாகக் குறைந்தது.

அமைதிக்காகச் செய்கிற பழக்கங்களும் நோட்டில் தெரிந்தன. அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நிற்பாள், அதுவும் பள்ளிக்குக் கிளம்பும் முன். பாட்டியின் கஞ்சி போட்ட சுங்குடி முந்தானையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலை என்றால் வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். இப்போது பழைய சேலையில் கிழித்த ஒரு துண்டு, கஞ்சி போட்டு, பள்ளிப் பையில் இருக்கிறது.

கூடத்தில் ஊஞ்சல் கொக்கி அடித்தோம். ஒரே சீராக முன்னும் பின்னும் ஆடினால் அடங்குகிறாள், சுற்றிவிட்டால் துள்ளல் கூடிவிடுகிறது, அதனால் இரவில் சுற்றுவது கிடையாது. சப்பாத்தி மாவு பிசைவது, தண்ணீர்க் குடத்தை நகர்த்துவது என்று தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கொடுக்கிற வேலைகளைப் பள்ளிவிட்டு வந்ததும் செய்ய வைக்கிறோம், வீட்டுப்பாடத்துக்கு உட்காருவது சுலபமாகிறது.

காயம் உண்டாக்குகிற பழக்கம் வேறு கதை, அதை அப்படியே விட முடியாது. அங்கேயும் தடுப்பதைவிட மாற்று கொடுப்பதுதான் வேலை செய்தது, அதே இடத்தில் அதே அழுத்தம் கிடைக்கிற மாதிரி ஏதாவது. மணிக்கட்டுக்குப் பதில் மெல்வதற்கென்றே செய்த கெட்டியான சிலிக்கான் குழாய், சிற்றுண்டிக்கு முறுக்கு, கேரட். சாதாரண பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுக்காதீர்கள், துண்டு உடைந்து தொண்டையில் போகும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். போன வருடம் திடீரென்று இடது கன்னத்துக்கு மேலே, ஒரே பக்கமாக, தன்னைத்தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஆட்டிசத்தில் இதெல்லாம் வரும் என்று ஒரு மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவி விடவில்லை, காதைப் பார்க்கச் சொன்னாள், பிறகு பல் மருத்துவரிடம் போனோம். கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. வைத்தியம் பார்த்ததும் அடிப்பது நின்றுவிட்டது. வாயால் வலியைச் சொல்ல முடியாத பிள்ளை புதிதாகத் தன்னை அடித்துக்கொண்டால் முதலில் காது, பல், மலச்சிக்கல், இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தெரபி பேச்சு.

ஊனமுற்றோர் சான்றிதழுக்குப் போனபோதும் நோட்டு உதவியது. அரசு மருத்துவமனையில் ஐஎஸ்ஏஏ என்கிற இந்திய மதிப்பீட்டு முறையில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. திரும்பத் திரும்ப வரும் அசைவு, எதையும் முகர்ந்தோ தொட்டோ பார்ப்பது, வலி உணராமை என்று தனித்தனியாகக் கேட்பார்கள். அந்தப் பரபரப்பில் எதுவும் ஞாபகம் வராது, நோட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னோம்.

பள்ளியில் கையைக் கட்டி உட்காருவதுதான் ஒழுக்கம். டீச்சரிடம் சண்டை போடாமல், எந்த அசைவு வந்தால் விட்டுவிடலாம், எது வந்தால் வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தோம். சுவர் ஓரம் இடம் கேட்டோம், நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குத் தூக்கிப்போகும் வேலையை அவளுக்குக் கொடுக்கச் சொன்னோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இதெல்லாம் பள்ளி செய்து தர வேண்டியதுதான், ஆனாலும் அந்த ஒரு பக்கம்தான் எங்களுக்குக் காரியத்தை முடித்துக் கொடுத்தது.

சொந்தக்காரர்களில் பலர் இன்னும் கேட்பது, வளர்ந்தபிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. வளர்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். ஸ்டீவன் கேப் என்கிற ஆய்வாளரும் மற்றவர்களும் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். இது தங்களைச் சமாளிக்க உதவுகிறது, பொறுக்க முடியாத உணர்ச்சியை அடக்கிக்கொள்ள வழி தருகிறது, இதை ஒழிக்கப் பார்க்கும் சிகிச்சைகள் வேண்டாம் என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாப்பா இன்னும் வாக்கியமாகப் பேசுவதில்லை, அதனால் அவர்கள் பேச்சை நான் அவள் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் வழி கிடைக்காத ஒன்று இருக்கிறது. நகத்தோரத்துத் தோலைப் பிய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள், பெரும்பாலும் தூங்கப்போகும் முன். தேங்காய் எண்ணெய் தடவினால் கையைத் துடைத்துவிடுகிறாள், கையுறை போட விடமாட்டாள். பிய்ப்பதற்கென்று காய்ந்த பசை தடவிய கூழாங்கல் கொடுத்துப் பார்த்தோம், கொஞ்ச நாள் ஓடியது, இப்போது தொடுவதில்லை. யார் வீட்டிலாவது இதற்கு ஏதாவது பலித்திருந்தால் சொல்லுங்கள்.